வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன கல்லூரிப் பயிற்சியாளர்கள்: க்ளென் மேசனைத் திட்டுவது நியாயமா?

நாலாவது_டவுன்:

டிசம்பர் பிறந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (அமெரிக்கன் ஃபுட்பால்) ஆட்டத்தைவிட ஆள் மாறுவதுதான் பெரிய செய்தி. எந்தப் பல்கலைக்கழகம் யாரை வெளியே அனுப்பியது, யாருக்கு வலை வீசுகிறது, எந்தத் தனி விமானம் எந்த ஊரில் இறங்கியது என்று விமானத் தடம் காட்டும் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் ரசிகர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு தனி வகை இருக்கிறது. வேலைக்குச் சம்மதம் சொல்லி, அறிவிப்பும் வந்த பிறகு, 'இல்லை, நான் இங்கேயே இருக்கிறேன்' என்று பின்வாங்கியவர்கள். அந்தப் பட்டியலில் முதலில் வரும் பெயர் க்ளென் மேசன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மேசன் 1988-ல் கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அது கூடைப்பந்து ஊர். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே அங்கேதான் முதல் பயிற்சியாளர். அப்படிப்பட்ட இடத்தில் 1995-ல் கால்பந்து அணியை 10 வெற்றிக்குக் கொண்டுபோனார். அதே சமயம் ஜார்ஜியா பல்கலைக்கழகம் ரே காஃபை நீக்கிவிட்டு ஆள் தேடிக்கொண்டிருந்தது. 80,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம், தெற்கு மாநிலங்களின் கால்பந்து வெறி, கேட்டதைக் கொடுக்கும் பணக்கார ரசிகர்கள். மேசன் சரி என்றார். செய்தி வெளியானது.

அப்புறம் கேன்சஸ் அணி அலோஹா பவுல் (சீசன் முடிவில் நடக்கும் 'பவுல்' எனப்படும் சிறப்பு ஆட்டங்களில் ஒன்று) ஆட ஹொனலூலு போனது. டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று ஆட்டம். அன்றைக்கே, ஆட்டம் தொடங்கும் முன், ஜார்ஜியா போகவில்லை, கேன்சஸிலேயே இருக்கிறேன் என்று மேசன் சொல்லிவிட்டார். பிறகு களத்தில் இறங்கி யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியை 51-30 என்று அடித்துத் துவைத்தார்கள்.

ஜார்ஜியா ரசிகர்கள் இன்றைக்கும் அவர் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். என் கேள்வி இதுதான்: வேலையில் சேர்ந்து, பள்ளி முடித்த பிள்ளைகளை அணிக்கு அழைத்து வந்து, பாதியில் விட்டுப்போகிற பயிற்சியாளர்களுக்கு இவ்வளவு திட்டு விழுவதில்லை. சேரும் முன்பே மனசு மாறியவருக்கு மட்டும் ஏன்?

ஏதென்ஸ்வாசி:

ஏனென்றால் கிறிஸ்துமஸ் காலையில் சொன்னார்!

சரி, கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். நான் ஜார்ஜியாவில் படித்தவன், மேசன் விவகாரத்துக்குப் பல வருஷம் கழித்துத்தான் அங்கே போனேன். ஆனாலும் மைதானத்துக்கு வெளியே கூடும் பெரிசுகள் வாயில் அந்தக் கதை ஓயவே ஓயாது. அப்போது விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவர் வின்ஸ் டூலி. 25 சீசன் அங்கே பயிற்சியாளராக இருந்து, 1980-ல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் தேர்ந்தெடுத்த ஆள் அவரையே நடுத்தெருவில் விட்டார். ஜார்ஜியாவுக்கு டிசம்பர் 30 அன்று பீச் பவுல் ஆட்டம் பாக்கி. நீக்கப்பட்ட ரே காஃப்தான் அதையும் நடத்தினார். பழையவர் கிளம்பியாயிற்று, புதியவர் வரவில்லை. அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள்.

நாலாவது_டவுன்:

ஆனால் ஜார்ஜியா என்ன ஆகிவிட்டது? உடனே மார்ஷல் பல்கலைக்கழகத்திலிருந்து ஜிம் டோனனைக் கூட்டிவந்தார்கள். 5 வருஷத்தில் 40 வெற்றி, 19 தோல்வி. மோசமா?

ஏதென்ஸ்வாசி:

மோசமில்லை. ஆனால் 2000 முடிவில் அவரையும் அனுப்பிவிட்டோம் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதற்குப் பிறகு மார்க் ரிக்ட் வந்து 15 சீசன் இருந்தார். அது வேறு கதை.

சனிக்கிழமை_ரசிகன்:

இந்தக் கதையில் யாரும் பேசாத பக்கம் மார்ஷல்தான். ஜார்ஜியாவை மேசன் விட்டார், டோனன் மார்ஷலை விட்டார், அங்கே பாப் ப்ரூட் வந்தார். அடுத்த வருஷம் 1996-ல் ராண்டி மாஸை வைத்துக்கொண்டு 15 வெற்றி, தோல்வியே இல்லை என்று முடித்து, அவர்கள் அப்போது ஆடிய 1-ஏஏ பிரிவின் பட்டத்தையும் அள்ளினார்கள். ஒரு பயிற்சியாளர் ஹவாயில் மனசை மாற்றிக்கொண்டதில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சின்ன ஊர் தெருவில் இறங்கிக் கொண்டாடியது.

மலர்விழி_ஹெச்ஆர்:

எனக்குக் கால்பந்து அவ்வளவாகத் தெரியாது. வீட்டுக்காரர் பார்ப்பார், நான் காதில் வாங்கிக்கொள்வேன். ஆனால் ஆள் எடுப்பது என் தொழில், அதனால் கேட்கிறேன். கையெழுத்து ஆகும் முன்னாலேயே எதற்கு ஊரைக் கூட்டி அறிவிக்கிறார்கள்? ஆஃபரை ஒப்புக்கொண்டு கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களை நாங்கள் வாராவாரம் பார்க்கிறோம். அதனால்தான் ஆள் வந்து உட்காரும்வரை வெளியே மூச்சு விடுவதில்லை.

பழைய_பெஞ்ச்:

நல்ல கேள்வி மலர்விழி அக்கா. இதை யாரும் விளக்குவதே இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முழு ஒப்பந்தம் பல பக்கம் போகும். போனஸ், வீடு, கார், உதவிப் பயிற்சியாளர்களுக்கான சம்பளத் தொகுப்பு, நீக்கினால் என்ன கொடுக்க வேண்டும், அவரே விலகினால் என்ன கட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் வக்கீல்கள் மாதக்கணக்கில் பேசுவார்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பல இடங்களில் ஆட்சிக்குழுவும் ஒப்புதல் தர வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது. எனவே முக்கிய விஷயங்களை மட்டும் ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதிப் புரிந்துணர்வுக் குறிப்பாகக் கையெழுத்து வாங்குவார்கள். சில சமயம் அதுவும் கிடையாது, தொலைபேசியில் சொன்ன வார்த்தைதான். அதை வைத்துக்கொண்டே மறுநாள் மேடை போட்டு, தொப்பி மாட்டி, படம் எடுத்துவிடுவார்கள்.

ஏன் இந்த அவசரம்? பள்ளி முடிக்கும் பிள்ளைகள். அவர்கள் எந்தக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று கையெழுத்துப் போடும் நாள் ஒன்று உண்டு. மேசன் காலத்தில் அது பிப்ரவரி தொடக்கத்தில் வரும். டிசம்பர் கடைசியில் கதை மாறினாலும் ஒரு மாதம் கையில் இருந்தது. 2017-லிருந்து டிசம்பரிலேயே ஒரு முன்கையெழுத்துக் காலம் வந்துவிட்டது. இப்போது டிசம்பர் பிறக்கும் முன் பயிற்சியாளர் யார் என்று சொல்லாவிட்டால் அந்த வருஷப் பிள்ளைகள் கை நழுவிப் போவார்கள். அதனால் யாரும் நிதானமாக யோசிப்பதில்லை. பல்கலைக்கழகமும் யோசிப்பதில்லை, பயிற்சியாளரும் யோசிப்பதில்லை. ஏஜெண்ட் மட்டும் யோசிப்பார்.

மலர்விழி_ஹெச்ஆர்:

அடேங்கப்பா. அப்படியென்றால் பின்வாங்காமல் இருப்பவர்களைத்தான் பாராட்ட வேண்டும் போலிருக்கிறது.

தெற்குவாசல்:

மேசனை விடுங்கள். எனக்கு இந்த வகையில் பெரிய கதை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்த ரிச் ராட்ரிகெஸ்தான். அவர் எதையும் ஒப்புக்கொண்டு பின்வாங்கியதாகச் சொல்ல முடியாது, ஆனால் 2006 டிசம்பரில் அவர் அலபாமா போகிறார் என்று ஊடகங்கள் ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டன. மேற்கு வர்ஜீனியா அவருடைய சொந்த மாநிலம், படித்த பல்கலைக்கழகம். இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்றார். ஊரே கொண்டாடியது.

அலபாமா வேறு வழியில்லாமல் தேடிக்கொண்டே இருந்தது. அப்போது மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியில் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன், டிசம்பர் 21 அன்று, நான் அலபாமா பயிற்சியாளர் ஆகப்போவதில்லை என்று பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். ஜனவரி 3 அன்று அலபாமா பயிற்சியாளர் ஆனார். பிறகு அங்கே 6 தேசியப் பட்டங்கள்.

ஒருவர் 'மாட்டேன்' என்றதும், இன்னொருவர் சொன்ன 'மாட்டேன்' இரண்டு வாரம்கூடத் தாங்காததும் சேர்ந்துதான் அலபாமாவின் வரலாறு.

நாலாவது_டவுன்:

அடுத்த வருஷத்தையும் எழுதுங்கள் அண்ணா, அதுதான் உச்சம்.

தெற்குவாசல்:

எழுதுகிறேன். 2007 டிசம்பர் 1. மேற்கு வர்ஜீனியா தேசிய இறுதிக்கு ஒரே ஒரு வெற்றி தூரத்தில் இருக்கிறது. சொந்த மைதானம். எதிரே அந்த சீசனில் தடுமாறிக்கொண்டிருந்த பிட்ஸ்பர்க். 13-9 என்று தோற்றார்கள். அந்த மாதமே ராட்ரிகெஸ் மிச்சிகன் கிளம்பிவிட்டார். ஒரு வருஷம் முன்பு 'இங்கேயே இருக்கிறேன்' என்று சொன்னபோது போட்ட புது ஒப்பந்தத்தில் 40 லட்சம் டாலர் பைஅவுட் (அவரே விலகினால் கட்ட வேண்டிய தொகை) இருந்தது. கட்ட மாட்டேன் என்றார், வழக்கு நடந்தது. 2008 ஜூலையில் சமரசம்: மிச்சிகன் 25 லட்சம், அவர் 15 லட்சம்.

அங்கே போய் என்ன சாதித்தார்? முதல் வருஷம் 3 வெற்றி, 9 தோல்வி. மூன்று வருஷத்தில் வெளியே. இந்தப் பக்கம், கைவிடப்பட்ட மேற்கு வர்ஜீனியா தற்காலிகப் பயிற்சியாளர் பில் ஸ்டூவர்ட்டை வைத்துக்கொண்டு ஃபியஸ்டா பவுலில் ஓக்லஹோமாவை 48-28 என்று வீழ்த்தியது.

2024 டிசம்பரில் அதே ராட்ரிகெஸை மேற்கு வர்ஜீனியா மறுபடி கூப்பிட்டுக்கொண்டது என்பது தனி வேடிக்கை. அத்தனை திட்டும் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்.

சனிக்கிழமை_ரசிகன்:

ஜெயிக்கிறவனுக்கு எல்லாம் மன்னிப்பு.

ஏதென்ஸ்வாசி:

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன். இழையைத் தொடங்கியவர் ஒன்றை வசதியாக விட்டுவிட்டார். மேசன் கேன்சஸிலேயே இருக்கிறேன் என்று சொன்னாரே, எத்தனை காலம் இருந்தார்? ஒரே ஒரு சீசன். 1996-ல் 4 வெற்றி, 7 தோல்வி. அது முடிந்ததும் மினசோட்டா போய்விட்டார். ஜார்ஜியாவுக்குக் கொடுத்த வார்த்தையை ஒரு வாரத்தில் மீறினார், கேன்சஸுக்குக் கொடுத்ததை ஒரு வருஷத்தில். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாலாவது_டவுன்:

அதை மறைக்கவில்லை, அதைத்தான் கேட்கிறேன்! கேன்சஸ் ரசிகர்கள் 1996-ல் போனதற்கு அவரை இந்த அளவுக்குத் திட்டுவதில்லை. ஜார்ஜியாவுக்கு அவர் ஒரு ஆட்டம்கூட நடத்தவில்லை, ஒரு பிள்ளையைக்கூடக் களத்தில் இறக்கவில்லை. அங்கேதான் கோபம் அதிகம். பழகிவிட்டுப் பிரிந்தவனைவிட, வராதவன் மேல் ஏன் ஆத்திரம்? கௌரவப் பிரச்சினைதானே?

பழைய_பெஞ்ச்:

கௌரவம் மட்டும் இல்லை. ஒரு தலைமைப் பயிற்சியாளர் தனியாக இடம் மாறுவதில்லை. அவரோடு 10 உதவியாளர்கள், அவர்கள் குடும்பங்கள், பள்ளிக்கூடம் மாற வேண்டிய குழந்தைகள். கல்லூரியை விட்டு வெளியே ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயம் அதில்தான் அப்பட்டமாகத் தெரிந்தது. 2018 பிப்ரவரியில் ஜாஷ் மெக்டேனியல்ஸ் எங்கள் புதிய பயிற்சியாளர் என்று இண்டியானபோலிஸ் கோல்ட்ஸ் என்ற தொழில்முறை அணி அறிவித்தது. சில மணி நேரத்தில் அவர் மனசு மாறி, ஏற்கெனவே உதவிப் பயிற்சியாளராக இருந்த நியூ இங்கிலாந்து அணியிலேயே தங்கிவிட்டார். ஆனால் அவரை நம்பி மூன்று உதவிப் பயிற்சியாளர்கள் ஏற்கெனவே கோல்ட்ஸோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். தலைவர் இல்லை, தொண்டர்கள் வந்து நிற்கிறார்கள். கோல்ட்ஸ் அந்த மூவரையும் வைத்துக்கொண்டு, ஃப்ராங்க் ரைக்கைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. அங்கே அந்த அணியின் பெருந்தன்மையால் தப்பித்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்குமா?

மேசன் பின்வாங்கியது தப்பா என்றால், எனக்குத் தப்பில்லை. மனசு ஒப்பாத இடத்துக்குப் போய் மூன்று வருஷம் இழுப்பதைவிட அது மேல். ஆனால் அறிவிப்புக்கும் மறுப்புக்கும் நடுவில் யார் யார் வேலையை ராஜினாமா செய்தார்கள் என்பதுதான் நான் பார்க்கும் கணக்கு.

புது_உறுப்பினர்:

இதோடு லேன் கிஃபின் விஷயத்தையும் சேர்க்கலாமா? 2025 கடைசியில் ஒரு பக்கம் அவர் பயிற்சி கொடுத்த ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் போகிறது, இவர் எல்.எஸ்.யூ.-வுக்கு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) கிளம்பினார்...

மட்டுறுத்துநர்:

கிஃபினுக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே எழுதவும். அவர் எதிலிருந்தும் பின்வாங்கவில்லை, போய்விட்டார். இங்கே தலைப்பு பின்வாங்கியவர்கள். தனிநபர் தாக்குதலாக இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கிழக்குக்கரை:

அப்படியானால் மேனி டியாஸை ஏன் இன்னும் யாரும் சொல்லவில்லை? நான் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறேன், இங்கே இருக்கும் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ரசிகன். ஆம், அப்படி ஒரு இனம் உண்டு.

2018 டிசம்பர். எங்கள் பயிற்சியாளர் ஜெஃப் காலின்ஸ் ஜார்ஜியா டெக் போய்விட்டார். மயாமி பல்கலைக்கழகத்தின் தற்காப்புப் பயிற்சியாளர் டியாஸை டிசம்பர் நடுவில் டெம்பிள் எடுத்தது. மேடை, புன்னகை, எல்லாம் ஆயிற்று. நடுவில் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் நாளும் வந்துபோனது. டிசம்பர் 30 அன்று அப்போது மயாமியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மார்க் ரிக்ட் ஓய்வு அறிவித்தார். அன்று இரவே டியாஸ் மயாமியின் தலைமைப் பயிற்சியாளர். டெம்பிளில் அவர் இருந்த காலம் மூன்று வாரம்கூட இல்லை. ஒரு ஆட்டமும் இல்லை.

மயாமி 40 லட்சம் டாலர் கட்டியது. எங்கள் நிர்வாகம் அந்தக் காசை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ராட் கேரியை எடுத்தது. அவர் மூன்று வருஷத்தில் 12 வெற்றி, 20 தோல்வி. டியாஸுக்கும் மயாமியில் மூன்று வருஷம்தான், 2021-ல் நீக்கிவிட்டார்கள்.

டியாஸ் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் கொஞ்சம்தான். எங்களுக்கு இது பழகிப்போனது. ஆல் கோல்டன் மயாமிக்கு, அடாசியோ பாஸ்டன் காலேஜுக்கு, மேட் ரூல் பேய்லருக்கு, காலின்ஸ் ஜார்ஜியா டெக்குக்கு. வரிசையாகப் போனார்கள். டியாஸ் மட்டும் அந்த வேலையை வேகமாக முடித்தார்.

சனிக்கிழமை_ரசிகன்:

கடைசி வரிக்காகவே இந்த இழையைச் சேமித்துவைக்கிறேன்.

மலர்விழி_ஹெச்ஆர்:

கிழக்குக்கரை சொன்னதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. பல்கலைக்கழகத்துக்கு 40 லட்சம் கிடைத்தது. டியாஸை நம்பிக் கையெழுத்துப் போட்ட 18 வயதுப் பிள்ளைக்கு?

பழைய_பெஞ்ச்:

அக்கா, அங்கேதான் மொத்த அநியாயமும் இருந்தது. பிள்ளை கையெழுத்துப் போட்ட விருப்பக் கடிதம் பல்கலைக்கழகத்தோடுதான், பயிற்சியாளரோடு இல்லை. அழைத்தவர் மறுநாளே போய்விட்டாலும் கடிதம் பிள்ளையைக் கட்டும். பல்கலைக்கழகம் மனம் வைத்து விடுவித்தால்தான் உண்டு. அதையும் மீறி வேறு அணிக்கு மாறினால் ஒரு வருஷம் ஆட முடியாது. பயிற்சியாளருக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே.

2021-ல் ஒருமுறை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்று விதியை மாற்றினார்கள். 2024-ல் எத்தனை முறை மாறினாலும் பிரச்சினை இல்லை என்று ஆனது. அந்த விருப்பக் கடித முறையையே 2024 அக்டோபரில் ஒழித்துவிட்டார்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசமே இல்லை' என்று பயிற்சியாளர்கள் பேட்டி கொடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

தெற்குவாசல்:

பயிற்சியாளர் மட்டும்தான் வார்த்தை தவறுகிறாரா? 2017-ல் டென்னசி பல்கலைக்கழகம் செய்ததை மறந்துவிட்டீர்களே. நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இயக்குநர் ஜான் கரியும், புதுப் பயிற்சியாளராக வரவிருந்த க்ரெக் ஷியானோவும் புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். செய்தி கசிந்தது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்த வழக்கில், ஷியானோவுக்கு அது முன்பே தெரியும் என்று வெளிவந்த ஒரு சாட்சியத்தைக் காட்டி ரசிகர்கள் கொதித்தார்கள். ஷியானோ அதை முன்பே மறுத்திருந்தார், ஆனால் யார் கேட்டார்கள்? வளாகத்தில் இருக்கும் பெரிய பாறையில் அவருக்கு எதிராக வண்ணம் பூசினார்கள். அரசியல்வாதிகளும் சேர்ந்துகொண்டார்கள். இரவுக்குள் பல்கலைக்கழகம் பின்வாங்கிவிட்டது.

அந்த வாரமே கரியின் வேலையும் போயிற்று. பழைய பயிற்சியாளர் ஃபில் ஃபுல்மர் இயக்குநராக வந்து ஜெரமி ப்ரூயிட்டை எடுத்தார். அந்த ப்ரூயிட் 2021 ஜனவரியில் மாணவர் சேர்ப்பு விதிமீறல்களுக்காக நீக்கப்பட்டார், பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம். ஷியானோ ரட்கர்ஸ் போய் அமைதியாகத் தன் வேலையைப் பார்க்கிறார்.

ஏதென்ஸ்வாசி:

டென்னசி பற்றிப் பேசும்போது எனக்கு வரும் மகிழ்ச்சியை இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் நீக்கிவிடுவார்.

நாலாவது_டவுன்:

கூடைப்பந்திலிருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மட்டுறுத்துநர் மன்னிக்கவும். 2007-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பில்லி டோனவன். தொடர்ந்து இரண்டு தேசியப் பட்டம் வாங்கிய கையோடு ஆர்லாண்டோ மேஜிக் என்ற என்.பி.ஏ. (தொழில்முறைக் கூடைப்பந்து) அணியோடு கையெழுத்துப் போட்டார். சில நாளில் என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டுத் திரும்பி வந்தார். மேஜிக் விட்டது, ஆனால் 5 வருஷம் வேறு எந்த என்.பி.ஏ. அணிக்கும் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டது. எனக்கு இந்தத் தீர்வு பிடித்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு விடுவதைவிட, 'மனசு மாறியது உண்மைதான் என்றால் நிரூபி' என்பது நல்ல நிபந்தனை. அவரும் 2015 வரை ஃப்ளோரிடாவிலேயே இருந்தார்.

மேசனிடமும் இப்படி எழுதி வாங்கியிருந்தால் அவர் 1996-ல் கிளம்பியிருக்க முடியாது. அந்த அளவுக்கு ஏதென்ஸ்வாசியோடு ஒத்துப்போகிறேன்.

பழைய_பெஞ்ச்:

இயக்குநர்கள் அப்படி எழுதி வாங்க மாட்டார்கள். நாளைக்கு இன்னொரு கல்லூரியின் பயிற்சியாளரைத் தூக்கப்போவது அவர்கள்தானே?

மலர்விழி_ஹெச்ஆர்:

சரி, அந்த மேசன் மினசோட்டா போய் என்ன ஆனார்? அதை யாரும் சொல்லவில்லையே.

கிழக்குக்கரை:

10 வருஷம் இருந்தார். 2003-ல் 10 வெற்றிகூட எடுத்தார், அந்த அணிக்கு அது பெரிய விஷயம். 2006 கடைசியில் அரிசோனாவில் இன்சைட் பவுல், எதிரணி டெக்சஸ் டெக். மூன்றாவது கால்பகுதியில் மினசோட்டா 38-7 என்று முன்னிலை. கூடுதல் நேரத்தில் 44-41 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து அவரை நீக்கினார்கள்.

ஏதென்ஸ்வாசி:

அந்த ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி இணையத்தில் கிடைக்கிறது. நல்ல தரத்தில். யாருக்காவது வேண்டுமென்றால் தனிச் செய்தியில் கேளுங்கள், டிசம்பர் 25 அன்று அனுப்புகிறேன்.